ரேடியோப் பெட்டிக்குப் புதுச்சட்டை வேண்டுமா?



இம்மாதம் முரசுமோட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பரந்தன் சந்தியில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் கிழக்கே போனால் வரும் வயற்காட்டு ஊர் அது. நாலு பக்கக் கடிதம். கேள்வி மட்டும் ஒரே வரி. அந்த ஒரு வரிக்கு விடை சொல்ல முதல் மூன்றரைப் பக்கத்தின் சாரத்தையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அவருடைய உம்மாவின் வாப்பா கிளிநொச்சியில் கடை வைத்திருந்தவராம். ஐம்பதுகளில் கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போனபோது ஒரு மர்ஃபி ரேடியோவை வாங்கி லொறியில் ஏற்றி வந்தார். எண்பதுகளின் கடைசியில் அது பாடாமல் போயிற்று. திருத்துவதற்காக மாவனல்லையில் வாழ்க்கைப்பட்டிருந்த பெரியும்மாவிடம் கொடுத்தனுப்பினார்கள். திருத்தி வாங்குமுன் 1990 ஒக்டோபர் வந்துவிட்டது. அந்த மாதத்தின் பிற்பகுதியில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டது நம் வாசகிகளில் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தக் குடும்பமும் உடுத்த துணியோடு புத்தளத்துக்குப் போனது. கடை போயிற்று, வீடு போயிற்று, அலுமாரியும் கட்டிலும் போயின. மிஞ்சியது, அன்று வீட்டில் இல்லாதிருந்த இந்த ஒரு பெட்டிதான். பழுதாகிக் கிடந்ததால் பிழைத்த பெட்டி!

யுத்தம் முடிந்த பிறகு சகோதரி கணவரோடும் பிள்ளைகளோடும் திரும்பி வந்து முரசுமோட்டையில் குடியிருக்கிறார். பெரியும்மா மௌத்தான பின் ரேடியோ இவரிடம் வந்து சேர்ந்தது. 2018 டிசம்பரில் பெய்த பெருமழையில் இரணைமடு நிறைந்து வான் பாய்ந்து, கிளிநொச்சி மாவட்டமே வெள்ளக் காடாகியபோது இவர்கள் வீட்டு அறைக்குள்ளும் ஒரு சாண் தண்ணீர் நின்றது. தரையோடு ஒட்டிய தாழ்ந்த மேசையில் இருந்த பெட்டியின் அடிப்பாகம் நனைந்துவிட்டது. இப்போது கீழ் விளிம்பில் மரத்தோல் கிளம்பி நிற்கிறது. மேற்பரப்பில் வெள்ளை பூத்திருக்கிறது. முன்பக்கம் புகை படிந்து கறுத்திருக்கிறது. "ஓடாவியாரிடம் கொடுத்தால் நன்றாக இழைத்து வார்னிஷ் அடித்துப் புதிதுபோல் தருவார்" என்கிறார் கணவர். மூத்த மகன் மோட்டார் சைக்கிளுக்கு அடிப்பதுபோல் ஸ்பிரே அடிக்கலாம் என்கிறான். சகோதரியின் கேள்வி: "கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள், சகோதரி. ஓடாவியாரின் கைத்திறனில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. உங்கள் வன்னியில் முதிரையிலும் பாலையிலும் கதவு நிலை செய்கிற கைகள் சாமானியமானவை அல்ல. ஆனால் அந்தக் கைகள் பழகியது முழு மரத்தில். முதிரைக் கதவை இரண்டு நூல் இழைத்தாலும் உள்ளே இருப்பதும் முதிரைதான். உங்கள் ரேடியோப் பெட்டி அப்படிப்பட்டதல்ல. அதன் உடம்பு ஒட்டுப்பலகை. அதன்மேல் வால்நட் அல்லது மஹோகனி போன்ற உயர்ந்த மரத்தைக் கடதாசிபோல் மெல்லிதாகச் சீவி ஒட்டியிருக்கிறார்கள். இதற்கு வெனியர் என்று பெயர். கனம் அரை மில்லிமீற்றரிலிருந்து ஒரு மில்லிமீற்றருக்குள் இருக்கும். சீப்புளி அதன்மேல் ஒரு தடவை ஓடினால் மரத்தோல் போய் உள்ளே உள்ள வெள்ளைப் பலகை பல்லிளிக்கும். மின்சார இயந்திரத்தில் சாண்ட் பேப்பரைப் பூட்டித் தேய்த்தாலும் அதே கதிதான். விளிம்பிலும் வளைவிலும் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. போன வெனியரை எந்த வார்னிஷும் திருப்பித் தராது.

இன்னொரு விஷயம். கடைகளில் விற்கும் வார்னிஷும் டூக்கோ பெயின்ற்றும் கெட்டியான தோலாகக் காயும். நாளை யாராவது அதை எடுக்க நினைத்தால் கடும் மருந்து போட்டுச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அந்தச் சுரண்டலில் வெனியர் போய்விடும். ஆகவே இது இரண்டு தடவை யோசிக்க வேண்டிய வேலை.

இந்தப் பெட்டிகளை ஏன் இவ்வளவு கவனமாகச் செய்தார்கள் என்று கேட்கலாம். மர்ஃபி கம்பெனி 1929இல் இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிற்றியில் தொடங்கியது. அந்நாளில் ரேடியோ என்றால் கம்பியும் குழாயும் வெளியே தெரியும் தொழிற்சாலைச் சாமான். அதை வீட்டு மண்டபத்தில் வைக்கக்கூடிய தளபாடமாக மாற்ற வேண்டும் என்று கருதினார்கள். பெயர்பெற்ற தளபாடக்காரரான கோர்டன் ரஸ்ஸலின் தம்பி டிக் ரஸ்ஸலைக் கொண்டு 1930களில் பெட்டிகளை வடிவமைத்தார்கள். பூவேலை, சிற்பவேலை எதுவும் இல்லாமல், மரத்தின் ரேகையை மட்டுமே அழகாகக் காட்டிய பெட்டிகள் அவை. பின்னாளில் வந்த பெட்டிகளிலும் அந்த வாசனை இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், மர்ஃபியில் பார்ப்பதற்கு இருப்பதே அந்த மரத்தோல்தான். அதன்மேல் நிறமான பெயின்ற் அடித்தால் பிறகு அது வெறும் பெட்டி. இந்தியாவில் விற்ற மர்ஃபிக்குக் குழந்தைப் படம் ஒன்று விளம்பரமாக வந்ததே, அது சில மூத்த சகோதரிகளுக்கு ஞாபகம் இருக்கலாம்.

நம் வீடுகளில் அந்தப் பெட்டி வெறும் அலங்காரமாகவும் இருக்கவில்லை. கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16ஆம் திகதி முறையாகத் தொடங்கி, 1949இல் ரேடியோ சிலோன் ஆகி, 1967 ஜனவரி 5ஆம் திகதி கூட்டுத்தாபனமாயிற்று. மயில்வாகனத்தின் குரலும், பிறகு நம் அப்துல் ஹமீதின் குரலும் கேட்காத தமிழ் வீடு அந்நாளில் ஏது? ரமழான் மாதத்தில் சஹருக்கு எழுந்ததும் முதலில் திருகப்பட்டது அதன் குமிழ்தான். பெருநாள் பிறைச் செய்திக்காக ஊரே ஒரு வீட்டு ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். மின்சாரம் இல்லாத ஊர்களுக்கென்றே 90 வோல்ற் உலர் பற்றரியில் இயங்கும் வால்வு ரேடியோக்கள் வந்தன. பற்றரி தீர்ந்துவிடுமென்று செய்தி முடிந்ததும் அணைத்துவிடுவார்கள். தொண்ணூறுகளில் வடக்கே பற்றரியே தடைப்பொருளானபோது, சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுழற்றிச் சின்ன ட்ரான்சிஸ்டரில் செய்தி கேட்டவர்கள் உங்கள் அயலவர்கள். அவர்களும் 2009 தொடக்கத்தில் ஊரோடு புறப்பட்டு, கையிலிருந்ததை வழிநெடுக விட்டுப் போனவர்கள்தான். முரசுமோட்டையில் பழைய மரச்சாமான் ஒன்று முழுதாக நிற்பதே அபூர்வம். ஆகவே அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தால் மறுக்காதீர்கள்.

சரி, என்ன செய்வது?

முதலில் ஒன்றும் செய்யாமல் ஒரு நாள் பகல் வெளிச்சத்தில் வைத்து நன்றாகப் பாருங்கள். எது அழுக்கு, எது பழுது, எது பாவனையின் அடையாளம் என்று பிரித்து அறிய வேண்டும். மேற்பலகையின் நடுவில் வட்டமாக நிறம் மாறியிருந்தால், பெரியும்மா விரித்து வைத்த பின்னல் துணியின் நிழலாக இருக்கலாம். துணி மூடிய இடம் ஒரு நிறமாகவும் வெளிச்சம் பட்ட இடம் ஒரு நிறமாகவும் நிற்கும். வலதுபக்கக் குமிழைச் சுற்றிப் பொலிஷ் தேய்ந்து வெறும் மரம் தெரிந்தால், உங்கள் உம்மாவின் வாப்பா விரலை ஊன்றி நிலையம் தேடிய இடம் அது. அதைப் பழுது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் அபிப்பிராயம், அந்த இடத்தை மெழுகு பூசிப் பாதுகாத்துவிட்டு அப்படியே விட்டுவிடலாம் என்பதே. வேண்டாம் என்றால் அது உங்கள் விருப்பம்.

பெட்டியில் கை வைக்குமுன் உள்ளே இருக்கும் இயந்திரத்தை வெளியே எடுக்க வேண்டும். இதை மட்டும் ரேடியோ திருத்துபவரைக் கொண்டு செய்யுங்கள். எக்காரணம் கொண்டும் "பாடுகிறதா பார்ப்போம்" என்று பிளக்கில் செருக வேண்டாம். அந்நாளைய கடதாசிக் கொண்டன்சர்கள் வயதாகி மின்சாரத்தைக் கசிய விடும். சில ரகங்களில் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமே மின்சாரத்தோடு நேரடியாகத் தொடர்புபட்டிருக்கும், தொட்டால் உயிராபத்து. வால்வுகளுக்கு மேலே பெட்டியின் உட்புறத்தில் சாம்பல் நிறத் தாளோ அட்டையோ ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டாதீர்கள், தேய்க்காதீர்கள். சூடு தாங்குவதற்காக அஸ்பெஸ்ரஸ் வைத்த பெட்டிகள் உண்டு. அதன் தூசி நெஞ்சுக்குக் கேடு.

நிலையங்களின் பெயர் எழுதிய கண்ணாடியையும் கவனமாகக் கழற்றி வையுங்கள். லண்டன், பாரிஸ், ஹில்வர்ஸம் என்றெல்லாம் அதில் இருக்கும். அந்த எழுத்துக்கள் பெரும்பாலும் கண்ணாடியின் பின்பக்கத்தில் பெயின்ற்றால் பதித்தவை. ஈரத் துணியால் ஒரு தரம் துடைத்தால் லண்டனும் பாரிஸும் துணியோடு வந்துவிடும்! முன்பக்கத்தை மட்டும் துடையுங்கள். பின்பக்கத்துக்கு மெல்லிய உலர்ந்த தூரிகை போதும்.

இனிச் சுத்தம் செய்தல். பாதி வேலை இதுதான், பல பெட்டிகளுக்கு முழு வேலையும் இதுதான். ஐம்பது வருடக் குப்பி விளக்குப் புகையும் அடுப்புப் புகையும் கைப்பிசுக்கும் சேர்ந்து ஒரு கறுப்புப் படலமாகியிருக்கும். பொலிஷ் கறுத்துவிட்டது என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இந்தப் படலத்தைத்தான். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்டு, பழைய பருத்தித் துணியை நனைத்து, இறுகப் பிழிந்து, உள்ளங்கையளவு இடத்தை மட்டும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு அடுத்த உள்ளங்கையளவு. தண்ணீர் மரத்தில் நிற்கக் கூடாது. வெனியர் கிளம்பிய இடத்துக்கும் வெடித்த இடத்துக்கும் ஈரத்தைக் கொண்டுபோகவே கூடாது. இதற்கும் போகாத பிசுக்கை மினரல் டர்பன்டைன் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். எதையும் முதலில் பெட்டியின் அடியிலோ பின் விளிம்பிலோ ஒரு சிறு இடத்தில் பரீட்சித்துப் பாருங்கள். பஞ்சில் கறுப்பு வந்தால் அழுக்கு. செம்மஞ்சளாகவோ பழுப்பாகவோ வந்து பரப்பு ஒட்டும் தன்மையாக மாறினால் பொலிஷ் கரைகிறது, நிறுத்திவிடுங்கள். மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது பளபளப்பைக் காட்டிவிட்டு எண்ணெய்ப் பிசுக்கை விட்டுப்போகும், அடுத்த மாதமே தூசியை இழுத்துப் பிடிக்கும். வேண்டாம்.

இப்படித் துடைத்த பிறகு சகோதரி வியக்கப் போகிறார் என்று நினைக்கிறேன். கறுப்பு என்று எண்ணியிருந்த பெட்டி தேன் நிறமாகவோ கருப்பட்டி நிறமாகவோ இருக்கக்கூடும்.

அடுத்தது, மேலே பூசியிருப்பது எது என்று அறிவது. அந்நாளில் கையால் பொலிஷ் போட்டவர்கள் அரக்கைப் பாவித்தார்கள். தொழிற்சாலைகள் 1930களிலேயே பெரும்பாலும் நைட்ரோசெலுலோஸ் எனும் லாக்கரை ஸ்பிரே செய்யத் தொடங்கிவிட்டன. தெரியாத இடத்தில் மெதிலேட்டட் ஸ்பிரிட் ஒரு துளி வைத்துச் சற்றுப் பொறுத்துத் தொட்டுப் பாருங்கள். இளகி விரலில் ஒட்டினால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு மட்டும் இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பிற்காலத்தில் யாரோ அடித்த வார்னிஷாகவோ, ஐம்பதுகளின் இறுதிக்குப் பிறகு வந்த ஜெர்மன் பெட்டிகளில் உள்ள கண்ணாடி போன்ற பொலியெஸ்டர் பூச்சாகவோ இருக்கும்.

ஸ்பிரிட் என்றதும் அதில் மதுசாரம் இருக்கிறதே, கையால் தொடலாமா என்று கேட்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. மார்க்கத் தீர்ப்பை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லக்கூடியது, இது குடிப்பதற்கல்லாமல் நஞ்சு கலந்து விற்கப்படும் சாமான் என்பதும், சட்டென்று தீப்பிடிக்கும் என்பதும்தான். விளக்கு, அடுப்பு, நுளம்புச்சுருள் எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல், சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காமல், பெயர் எழுதிய டப்பாவில் வையுங்கள்.

அரக்கைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அரக்கு ஒரு சின்னப் பூச்சி மரக்கிளையில் கட்டும் கூடு. இந்தியாவில் ஜார்கண்ட், சத்தீஸ்கர் காட்டுப்பக்க மக்கள் அதைச் சேகரிக்கிறார்கள். நம் நாட்டில் மாத்தளை ஹப்புவிடக் கிராமத்தார் நகத்தாலேயே வண்ண அரக்கை இழுத்துக் கைத்தடிக்கும் விளக்குத் தண்டுக்கும் கோலம் போடுவது பேர்போன கைத்தொழில். மருந்துக் குளிசைக்கு மேற்பூச்சாகவும் அரக்குப் போடுகிறார்கள். நம் பாட்டன்மார் காலத்துக் கறுப்பு இசைத்தட்டும் அரக்குக் கலந்து வார்த்ததுதான். வானொலி நிலையத்தில் சுழன்ற தட்டிலும் அரக்கு, அதைக் கேட்ட வீட்டுப் பெட்டியின் மேலும் அரக்கு!

வெள்ளை பூத்த இடத்துக்கு வருவோம். பூச்சுக்குள் ஈரம் புகுந்தால் அப்படித்தான் வெளுக்கும், மரம் கெடவில்லை. சில வாரம் நிழலில், காற்றோட்டத்தில் வைத்தாலே பாதி மறையும். அரக்குப் பூச்சானால், ஸ்பிரிட் தொட்டுப் பிழிந்து, கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி மட்டும் தெரிகிற அளவுக்கு உலர்ந்த துணியால், ரேகையின் வழியே ஒரே வீச்சில் தடவுங்கள். நடுவில் நிறுத்தினால் துணி ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று வீச்சோடு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள்.

கீழ் விளிம்பில் கிளம்பிய வெனியர்தான் உங்கள் பெட்டியில் அவசரமான வேலை. துணி மாட்டி ஒரு துண்டு பிய்ந்தால் அதே ரேகையுள்ள துண்டுக்கு எங்கே போவது? பிய்ந்த துண்டுகள் ஏற்கெனவே இருந்தால், நகக்கண் அளவானாலும், ஒரு கடித உறையில் போட்டு வையுங்கள். பழைய பெட்டிகளில் பலவற்றை மிருகத் தோலிலிருந்து காய்ச்சிய வஜ்ஜிரப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். அது ஈரத்தில் விடும், சூட்டில் மீண்டும் இளகும். அதனால்தான் வெள்ளத்தில் கிளம்பியது. அதே குணம் நமக்கு உதவியும் செய்யும். கிளம்பிய இடத்தின் மேல் மெழுகுத் தாள் விரித்து, அதன்மேல் மடித்த பருத்தித் துணி வைத்து, இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் சில விநாடிகள் மட்டும் அழுத்துங்கள். எடுத்ததும் தட்டையான பலகையை வைத்து மேலே பாரம் ஏற்றுங்கள். அரிசி மூட்டை வசதியானது. ஒரு முழு நாள் அசைக்க வேண்டாம். சூடு கூடினால் மேற்பூச்சு கொப்பளிக்கும், ஆகவே குறைந்த சூட்டில் தொடங்குங்கள்.

இதற்கும் பிடிக்காவிட்டால் பழைய பசை செத்துவிட்டது என்று பொருள். உள்ளே சேறு படிந்திருந்தால் மெல்லிய கத்தி முனையால் தூசியைத் தட்டி எடுத்து, ஊசி கழற்றிய மருந்துச் சிரிஞ்சால் மரப்பசையைக் கொஞ்சமாக உள்ளே செலுத்தி, மெழுகுத் தாள் வைத்து முன்போலவே பாரம் ஏற்றுங்கள். வழிந்த பசையை உடனே துடைத்துவிட வேண்டும். காய்ந்த பசையின் மேல் எந்தப் பொலிஷும் ஏறாது, வெள்ளைத் தழும்பாக நிற்கும். சுப்பர் குளூ மட்டும் வேண்டவே வேண்டாம், ஒரு தடவை பிடித்தால் திருத்த வழியில்லை.

ஒட்டுப்பலகையே ஊறி அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தால், அங்கேதான் உங்கள் ஓடாவியாரை அழைக்க வேண்டும். அடிப்பலகையைப் பிரித்து ஒட்டி இறுக்குவது அவர் வேலை. ஆனால் இரண்டு விஷயங்களைப் பேசி முடித்துக்கொண்டு கொடுங்கள், வெளித்தோலில் சீப்புளியும் சாண்ட் பேப்பரும் படக் கூடாது, பின்புறத் தகட்டையும் ஒட்டியிருக்கும் கடதாசிகளையும் கழற்றி வீசக் கூடாது. அந்நாளில் ரேடியோ வைத்திருக்க வருடா வருடம் லைசன்ஸ் கட்ட வேண்டும். அந்தத் துண்டோ, விற்ற கடையின் சீட்டோ பின்பக்கத்தில் ஒட்டியிருந்தால், அந்தக் கிளிநொச்சி வீட்டிலிருந்து வந்த கடதாசி அது ஒன்றாகத்தான் இருக்கக்கூடும்.

கீறல்களுக்குப் பெரிய வைத்தியம் தேவையில்லை. தேன்மெழுகைக் கொஞ்சம் உருக்கி, ஓவியக் கடைகளில் கிடைக்கும் பழுப்பு வர்ணத் தூளில் ஒரு சிட்டிகை கலந்து ஆறவைத்து, கீறலில் விரலால் தேய்த்து நிரப்பி மென்துணியால் மெருகேற்றுங்கள். பிடிக்காவிட்டால் டர்பன்டைனால் துடைத்து எடுத்துவிடலாம். திருப்பி எடுக்கக்கூடிய வேலை எப்போதும் மேலானது.

எல்லாம் செய்த பிறகும் ஒரு பக்கத்தில் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து மரம் வெளிறிக் கிடந்தால், அந்தப் பக்கத்துக்கு மட்டும் பிரெஞ்ச் பொலிஷ் போடலாம். முழுப் பெட்டிக்கும் அல்ல. உதிர்கிற பழைய பூச்சை அதற்குரிய ஸ்பிரிட்டாலோ தின்னராலோ இளக்கித் துணியால் எடுங்கள். இரும்புச் சுரண்டி வேண்டாம். காய்ந்ததும் 400ஆம் நம்பர் சாண்ட் பேப்பரை ஒரு தக்கைத் துண்டில் சுற்றி, ரேகையின் வழியே, தூசி தட்டுவதுபோல் இரண்டு தடவை. அவ்வளவுதான். அரக்குச் செதில் 50 கிராமைக் கால் லீற்றர் ஸ்பிரிட்டில் போட்டு இரவு முழுக்க ஊறவைத்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பஞ்சை ஒரு உருண்டையாக்கி, நூல் விடாத பழைய வெள்ளைத் துணியில் பேரிக்காய் வடிவில் பொதிந்து, அந்தப் பஞ்சில் அரக்கை ஊற்றி, துணி வழியே கசிய விட்டுத் தடவ வேண்டும். ஒரு பூச்சு மிக மெல்லிதாக. அரைமணி பொறுத்து அடுத்தது. ஒரு நாளில் நாலைந்துக்கு மேல் வேண்டாம். துணி இழுபட்டால் பொதியின் முகத்தில் ஆளிவிதை எண்ணெய் ஒரே ஒரு துளி. பொதி பரப்பில் இறங்கும்போதும் ஏறும்போதும் விமானம்போல் சறுக்கிக்கொண்டே இறங்கி ஏற வேண்டும், வைத்து எடுத்தால் தடம் விழும். மூன்று நான்கு நாள் இப்படிச் செய்தால் மரத்துக்குள்ளிருந்து வெளிச்சம் வருவது போலிருக்கும். பிரெஞ்ச் பொலிஷின் பெருமையே அதுதான். இன்னொரு எச்சரிக்கை, ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிக் கூடையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள்.

இந்த வேலைக்கு உங்கள் ஊரில் காலம் பார்க்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் போட்டால் காற்றிலுள்ள ஈரம் பூச்சுக்குள் அகப்பட்டு மீண்டும் வெள்ளை பூக்கும். வைகாசியில் கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டால் வயல் புழுதி முழுவதும் ஈரப் பொலிஷில் வந்து உட்காரும். மாசி பங்குனிதான் உகந்தது. அதிலும் பனி விலகிய காலை, சுபஹுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் கழித்து, ழுஹருக்கு முன்.

ஒலிபெருக்கியை மூடிய துணி கிழிந்திருந்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பளபளக்கும் துணி வைக்கும் பழக்கம் உண்டு. கிழிசலுக்குப் பின்னால் அதே நிறத்தில் மெல்லிய துணியை வைத்து, பசை விளிம்பில் மட்டும் தொட்டு ஒட்டினால் பழைய துணியே இன்னும் பல காலம் நிற்கும். தையல் தெரிந்த உங்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வைக்கும் இடம்: தரையிலிருந்து இரண்டரை முழ உயரமாவது இருக்கட்டும், இரணைமடு மறுபடியும் நிறையும். சுவரை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வையுங்கள், கறையான் ஏறினால் கண்ணில் படும். பெட்டியின் கீழே ஒரு வெள்ளைத் தாள் விரித்து வையுங்கள். சிறு துளைகளிலிருந்து புதிதாக மாவு கொட்டியிருந்தால் தாளில் தெரியும். அப்படித் தெரிந்தால் ஹாட்வெயார் கடையில் விற்கும் பூச்சி மருந்தை உட்புறத்து வெறும் பலகையில் மட்டும் தூரிகையால் பூச வேண்டும், மேற்பூச்சில் பட்டால் இளகிவிடும்.

மீதமுள்ள அரக்குக் கரைசலைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, கரைத்த திகதியை எழுதி ஒட்டி வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் போனால் அது சரியாகக் காயாது. சந்தேகமானால் ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். அரை மணித்தியாலத்தில் விரலில் ஒட்டாமல் காய்ந்தால் பாவிக்கலாம், ஒட்டினால் கொட்டிவிடுங்கள்.